இன்சுலின் ஊசி: எவருக்கு எது ஏற்றது?

நீரிழிவு நோய் நகரத்துச் செல்வர்களைப் பற்றும் நோய் என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் முற்றும் அகலவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. அவற்றின்படி நம் நாட்டில் நீரிழிவுடையோர் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது. 20 வயது நிரம்பியோருள் நகரங்களில் நூற்றுக்கு 16.4 பேரும் கிராமங்களில் நூற்றுக்கு 8.9 பேரும் இந்நோய் உடையவர்கள். ஆகவே நூறு பெரியவர்கள் கூடும் ஒரு கிராம சபையில் ஏறக்குறைய ஒன்பது பேர் நீரிழிவுடன் அமர்ந்திருக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் சிலமலை, ராசிங்காபுரம், சிலமரத்துப்பட்டி முதலிய கிராமங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. இங்குள்ள மக்களுள் ஒரு பகுதியினர் சொந்த நிலத்தில் பயிர் செய்கின்றனர். மற்றொரு பகுதியினர், குறிப்பாகப் பெண்கள், விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, அந்தி சாயும் வேளையில் வீடு திரும்புகின்றனர். இத்தகைய உழைப்பாளிக்கு மருத்துவர் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தால், அதனை எந்த நேரத்தில் போட்டுக்கொள்வது, மருந்தை எங்கே வைப்பது, உண்ணும் வேளை தவறினால் என்ன நேரும் என்பன யாவும் அவருடைய பிழைப்பையே தொடும் வினாக்கள் ஆகின்றன.

நாம் கிராமங்களுக்குச் செல்லும்போது மக்கள் இது குறித்து மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். "ஊசி போட ஆரம்பித்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்கிறார்களே, மெய்தானா ஐயா?" என்பது முதற் கேள்வி. "விலை கூடின ஊசிதான் நல்ல ஊசியா?" என்பது இரண்டாவது. "மலைக்குப் போகிற நாளில் ஊசியை விட்டுவிடலாமா?" என்பது மூன்றாவது. நாம் மருத்துவர் அல்லோம். எனினும் மருத்துவ உலகம் ஆராய்ந்து அறிந்தவற்றை எளிய முறையில் எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இன்சுலின் ஏன் தேவைப்படுகிறது?

நாம் உண்ணும் சோறும் களியும் கஞ்சியும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் புகுந்து வலிமையாக மாற வேண்டுமானால், வயிற்றின் பின்புறத்தில் உள்ள கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர் துணை செய்ய வேண்டும். வயது வந்தபின் தோன்றும் நீரிழிவில் இருவகைக் குறைகள் நேர்கின்றன. சுரக்கும் இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்வதில்லை. கணையத்தின் சுரப்பும் ஆண்டுக்கு ஆண்டு குன்றி வருகிறது.

தொடக்கத்தில் உணவுக் கட்டுப்பாடும் உடலுழைப்பும் மாத்திரைகளும் போதியனவாக இருக்கும். கணையத்தின் சுரப்பு மிகவும் குன்றிய பிறகு மாத்திரை மட்டும் போதாது. கிணற்றில் ஊற்று வற்றினால் பம்பு செட்டின் விசையைக் கூட்டிப் பயனில்லை. வெளியிலிருந்து நீர் கொணர வேண்டும். இன்சுலின் ஊசியும் அத்தகையதே. உடலில் குறைந்துபோன ஒரு பொருளை வெளியிலிருந்து ஈடு செய்வதே அதன் வேலை.

ஆகவே ஊசி தொடங்குவது நோயாளியின் முடிவுக்கு அறிகுறி அன்று. அறுவைச் சிகிச்சை, கடும் சுரம், கருவுற்றிருக்கும் காலம் ஆகியவற்றில் சில காலம் மட்டும் இன்சுலின் கொடுத்துப் பின் நிறுத்துவதும் உண்டு. இன்சுலினால் இருதயம் கெடும் என்ற அச்சமும் ஆராயப்பட்டுள்ளது. 40 நாடுகளில் 12,537 பேரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இருதய நோயோ புற்றுநோயோ கூடவில்லை என்பதே அதன் முடிவு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விடுவதால்தான் கண்ணும் சிறுநீரகமும் கெடுகின்றன. காலில் ஆறாப் புண் தோன்றுகிறது.

மருந்து வந்த வரலாறு

இன்சுலினைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் வழியைக் கானடா நாட்டின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் 1921-இல் கண்டனர். 1922 ஜனவரியில் சாகும் தறுவாயிலிருந்த ஒரு சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டு, அவன் உயிர் பிழைத்தான். எல்லோருக்கும் இம்மருந்து எட்ட வேண்டும் என்னும் நோக்குடன், அதன் காப்புரிமை பெயரளவில் 1 டாலருக்கே டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. நம் மாநிலத்திலும் இத்துறையின் பணி பழமை வாய்ந்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்.

முதலில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. 1982 முதல், மனித உடலில் சுரப்பதற்கு முற்றிலும் ஒப்பான இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் அமைப்பைச் சிறிது மாற்றி, விரைந்து வேலை செய்வனவும் நீண்ட நேரம் நிற்பனவுமான புதிய வகைகள் 1996-க்குப் பின் வரலாயின. இன்று மருந்துக் கடையில் காணும் வகைகள் பலவாயினும், அவற்றை நான்கு இனங்களில் அடக்கிவிடலாம்.

நான்கு இனங்கள்

முதலாவது, உணவு வேளைக்குரிய இன்சுலின். ரெகுலர் எனப்படும் தெளிந்த மருந்து இவ்வினத்தது. உணவுக்கு 30 நிமிடம் முன்பு இதனைப் போட வேண்டும். 6 முதல் 8 மணி நேரம் வரை வேலை செய்யும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் முதலிய புதிய மருந்துகள் 15 நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கி, 3 முதல் 5 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

இரண்டாவது, இடைத்தர இன்சுலின். என்.பி.ஹெச். எனப்படும் இது பால்போல் கலங்கலாக இருக்கும். போட்ட பின் 4 மணி முதல் 10 மணி நேரத்துக்குள் இதன் வேகம் உச்சத்தை அடைந்து, பின் தணியும்.

மூன்றாவது, கலப்பு இன்சுலின். ரெகுலர் 30 பங்கும் என்.பி.ஹெச். 70 பங்கும் ஒரே குப்பியில் கலந்தது. இதனைக் காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் அரை மணி முன்பாக நாளைக்கு இருமுறை போடுவது வழக்கம்.

நான்காவது, நீண்ட நேர இன்சுலின். கிளார்ஜின், டெடிமிர், டெக்ளுடெக் என்பன இவ்வினத்தவை. பெரும்பாலும் நாளைக்கு ஒரு முறை போடப்படும் இவை, திடீரென்று உச்சம் அடையாமல் ஏறத்தாழ ஒரே சீராக வேலை செய்கின்றன. விலை பல மடங்கு கூடுதல்.

இவற்றுள் ரெகுலர், என்.பி.ஹெச்., கலப்பு ஆகியவை நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நெடுங்காலமாக இடம் பெற்றுள்ளன. 2022-இல் கிளார்ஜினும் அதில் சேர்க்கப்பட்டது.

ஆராய்ச்சிகள் கூறுவது

வயது வந்தபின் நீரிழிவு கண்டவர்களுக்கு எம்முறையில் இன்சுலினைத் தொடங்குவது நலம் என்பதைக் கண்டறிய, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 708 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்று, அதன் மூன்றாண்டு முடிவு 2009-இல் வெளியாயிற்று. மாத்திரைகளால் மட்டும் சர்க்கரை கட்டுப்படாதவர்களே இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கலப்பு இன்சுலின் இருமுறையும், இன்னொரு பிரிவினருக்கு உணவு வேளை இன்சுலின் மும்முறையும், மற்றொரு பிரிவினருக்கு நீண்ட நேர இன்சுலின் ஒரு முறையும் (தேவைப்பட்டால் இருமுறையும்) கொடுக்கப்பட்டன.

இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்னும் சோதனையின் அளவு மூன்றாண்டு முடிவில் கலப்புப் பிரிவில் 7.1 சதவிகிதமாகவும், உணவு வேளைப் பிரிவில் 6.8 ஆகவும், நீண்ட நேரப் பிரிவில் 6.9 ஆகவும் இருந்தது. ஒன்றுக்கொன்று பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோன நிகழ்ச்சிகள், ஒருவருக்கு ஓர் ஆண்டில், நீண்ட நேரப் பிரிவில் 1.7, கலப்புப் பிரிவில் 3.0, உணவு வேளைப் பிரிவில் 5.7 என்ற கணக்கில் நேர்ந்தன. உடல் எடை முறையே 3.6, 5.7, 6.4 கிலோ கூடிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இரண்டாவது வகை இன்சுலினையும் சேர்க்க வேண்டியதாயிற்று. நாளைக்கு ஒரு முறை போடும் ஊசியில் தொடங்கி, தேவைக்கேற்ப உணவு வேளை ஊசியைச் சேர்த்துக்கொள்வது நலம் என்பதே இவ்வாய்வின் சாரம்.

அப்படியாயின் விலை கூடிய நீண்ட நேர இன்சுலினைத்தான் வாங்க வேண்டுமோ எனின், அதற்கும் விடை உண்டு. இரவில் ஒரு முறை கிளார்ஜின் போட்டவர்களையும் என்.பி.ஹெச். போட்டவர்களையும் ஒப்பிட்டு, 756 பேரிடம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. சர்க்கரைக் கட்டுப்பாடு இரு பிரிவிலும் ஒன்றுபோலவே இருந்தது. இரவில் சர்க்கரை தாழ்வது மட்டும் கிளார்ஜின் பிரிவில் குறைவாக இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 25,000-க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வோ, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அளவுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வில் இருவகைக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை எனக் கூறிற்று.

இவ்வாறானவற்றையெல்லாம் சீர்தூக்கிய உலக சுகாதார நிறுவனம், இன்சுலின் தேவைப்படும் பெரியவர்களுக்கு ரெகுலர், என்.பி.ஹெச். போன்ற சாதாரண மனித இன்சுலினையே கொடுக்கலாம் என்றும், அதனால் அடிக்கடி கடுமையாகச் சர்க்கரை தாழ்பவர்களுக்கு நீண்ட நேரப் புதிய வகைகளைக் கருதலாம் என்றும் 2018-இல் பரிந்துரைத்தது. ஆதலின் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கும் சாதாரண இன்சுலின் மட்டமான மருந்து அன்று. அதனை நாள்தோறும் தவறாமல் போடுபவர், விலை கூடிய மருந்தை ஒரு மாதம் வாங்கி மறுமாதம் கைவிடுபவரைக் காட்டிலும் நலமாக இருப்பார்.

ஏலத் தோட்டத்து உழைப்பாளிக்கு

மேற்கூறிய ஆய்வுகளில் பங்குகொண்டவர்களின் உணவும் உழைப்பும் நம் மலையடிவாரத்து மக்களுடையனவற்றைப் போன்றவை அல்ல. ஆகையால் இங்குள்ள வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பது அவசியம்.

கலப்பு இன்சுலின் போடும் ஒரு பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் காலை 5 மணிக்கு வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார். தோட்டத்தை அடைந்து, வேலையைத் தொடங்கி, 9 மணிக்குத்தான் உண்கிறார். ஊசியில் உள்ள ரெகுலர் பங்கு அரை மணியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வயிற்றிலோ உணவு இல்லை. மேட்டில் ஏறி இறங்கும் உழைப்பும் சர்க்கரையை மேலும் குறைக்கிறது. 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் அவருக்கு மயக்கம் வருமானால் அது மருந்தின் குற்றமன்று. நேரப் பொருத்தமின்மையின் விளைவு. இரவில் என்.பி.ஹெச். போடுபவர்க்கும் இதனையொத்த இடர் உண்டு. இரவு 9 மணிக்குப் போட்டால் நள்ளிரவுக்குப் பின் விடியல் வரை அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் வெறும் வயிற்றோடு மலையேறலாகாது.

இதற்கு அஞ்சிச் சிலர் வேலை நாளில் ஊசியை அறவே விட்டுவிடுகின்றனர். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் செல்பவர் ஆறு நாளும் மருந்தின்றி இருந்தால், ஏழாம் நாள் போடும் ஊசியால் என்ன பயன்? விடுவதற்கு மாறாக, தம் வேலை நேரத்தையும் உணவு நேரத்தையும் மருத்துவரிடம் விளங்கக் கூறுவதே தக்க வழி. எழும் நேரம், ஊசி நேரம், முதலுணவு நேரம், நண்பகல் உணவு நேரம், இரவுணவு நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிச் சென்றால், அதற்கேற்ப மருத்துவர் ஊசி நேரத்தை மாற்றலாம். கடும் உழைப்புள்ள நாளுக்கு அளவைக் குறைக்கலாம். நாளைக்கு ஒரு முறை போடும் முறைக்கும் மாற்றலாம். ஊசி வகையையோ அளவையோ தாமாக மாற்றிக்கொள்வது கூடாது.

சர்க்கரை தாழ்ந்தால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் சென்றால் உடனே கவனிக்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, அறிகுறி நீங்காவிடில் மீண்டும் குடிக்க வேண்டும். தெளிந்தபின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. புரையேறி உயிருக்கே கேடு வரும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 வண்டியை அழைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர் தோட்டத்துக்குச் செல்லும்போது மடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருப்பதும், உடன் வேலை செய்பவர் ஒருவருக்காவது தம் நோய் தெரிந்திருப்பதும் இன்றியமையாதன.

குப்பியும் சிரிஞ்சும்

இன்சுலின் குப்பிகள் இருவகை. ஒன்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மருந்தும், மற்றொன்றில் 100 யூனிட் மருந்தும் இருக்கும். 40-க்குரிய சிரிஞ்சு சிவப்பு மூடியும், 100-க்குரியது ஆரஞ்சு மூடியும் உடையவை. 100 யூனிட் குப்பி மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால், உடலில் செல்வது 10 யூனிட் அன்று, 25 யூனிட். இது உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, 40 யூனிட் குப்பி மருந்தை 100-க்குரிய சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால், 4 யூனிட்டே செல்லும், நோய் கட்டுப்படாது. மருந்து வாங்கும்தோறும் குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா எனப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டேனும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலங்கலான மருந்தைப் போடுமுன் குப்பியை இரு உள்ளங்கைகளுக்கு இடையில் மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும், வேகமாகக் குலுக்கலாகாது. வயிறு, தொடை ஆகிய இடங்களில் நாளுக்கு நாள் சிறிது இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டு வந்தால் அங்கே கட்டி தோன்றி, மருந்து சரியாக ஏறாது.

திறவாத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். உறைபனிப் பெட்டியில் வைக்கலாகாது. உறைந்த மருந்து பயன்படாது. திறந்த குப்பியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, ஏறத்தாழ நான்கு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஒரு பெரிய மண் பானையில் ஈர மணலிட்டு, அதனுள் சிறிய மண் கலயத்தை வைத்து, நீர் புகாதபடி கட்டிய குப்பியை அக்கலயத்தில் மூடி வைக்கலாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் பானையை வைத்து, மணலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். நம் முன்னோர் தண்ணீரைக் குளிரவைத்த அதே முறையே இது.

ஊராட்சி செய்யக்கூடியவை

மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. அம்மருந்து பயன்படுவதற்குரிய சூழ்நிலையை உண்டாக்குவது ஊராரின் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொணர்கின்றனர். விடியுமுன் வேலைக்குச் சென்று இருட்டியபின் திரும்புவோரை அவர்கள் பகலில் சந்திக்க இயலாது. அத்தகையோரின் பட்டியலைத் தன்னார்வலருக்குத் தந்து, மாலை வேளையிலோ விடுமுறை நாளிலோ சந்திக்க ஏற்பாடு செய்ய உறுப்பினர்கள் துணை புரியலாம்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களையும் மேஸ்திரிகளையும் அழைத்துப் பேசி, ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் குடிநீரும் இருக்கச் செய்யலாம். இன்சுலின் போடுபவர் குறித்த நேரத்தில் உண்பதற்கு வேலையிடத்தில் பத்து நிமிடம் தர வேண்டும் என்று கேட்கலாம். பயன்படுத்திய ஊசிகளைத் தெருக்குப்பையில் எறியாமல், கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். தூய்மைப் பணியாளர்களின் கைகளைக் காப்பதும் ஊராட்சியின் பொறுப்பே.

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் முதலிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் ஒன்றிலேனும் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, குப்பியையும் சிரிஞ்சையும் மக்கள் கண்முன் காட்டி விளக்கச் செய்ய வேண்டுகிறோம். இதற்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. ஊசிக்கு அஞ்சி மறைந்திருப்போர் வெளிவருவர். தம் வேலைக்கும் உணவுக்கும் பொருந்திய ஊசியை மருத்துவரிடம் கேட்டுப் பெற்று, அதனை நாள் தவறாமல் போட்டுக்கொள்ளும் குடும்பத் தலைவியும் குடியானவரும் நெடுநாள் உழைத்து வாழ்வர். அத்தகையோர் நிறைந்த கிராமமே வளர்ச்சி பெற்ற கிராமமாகும்.